பத்துக் கேள்வி, முப்பது மார்க்

இந்தத் தடவை கொஞ்சம் கனமான விஷயம். பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள், வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குப் புள்ளியியல் தாளில் லைக்கர்ட் அளவுகோல் என்று ஒரு பாடம் உண்டு. 'இந்த சோப்பின் வாசனை எனக்குப் பிடித்திருக்கிறது' என்று ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, முழுக்க ஒத்துக்கொள்கிறேன் என்பதில் தொடங்கி கொஞ்சமும் ஒத்துக்கொள்ளவில்லை என்பது வரை ஐந்து கட்டம் போட்டு டிக் அடிக்கச் சொல்வார்களே, அதுதான். ரென்சிஸ் லைக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1932-ல் வெளியிட்ட முறை. இதற்கு உதாரணம் தேடி நூலகத்தில் உட்கார்ந்தபோது கையில் கிடைத்தது சோப்பும் இல்லை, ஷாம்பூவும் இல்லை. புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்களிடம், முக்கியமாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களிடம், கொடுக்கிற ஒரு சின்னத் தாள். கேள்விகள் பத்து. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மார்க். மொத்தம் முப்பது. அதில் ஒரு கேள்வி, சிகிச்சைக்குப் பிறகு உங்கள் உடம்பு ஒரு முழு உடம்பாக இல்லாதது போல் தோன்றியதா என்று விசாரிக்கிறது. இல்லவே இல்லை, கொஞ்சம், ஓரளவு அதிகம், மிகவும் அதிகம். ஏதாவது ஒன்றில் டிக்.

இதற்குமா மார்க் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கே மருத்துவ உலகத்துக்கு நூறு வருஷம் பிடித்திருக்கிறது. அந்த நூறு வருஷத்தில் எதை அளந்தார்கள், எதை அளக்காமல் விட்டார்கள், அளக்காமல் விட்டதால் என்ன நடந்தது என்பதுதான் கதை.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்து தொடங்கலாம். வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் 1894-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1889 ஜூன் முதல் 1894 ஜனவரி வரை தான் செய்த ஐம்பது மார்பக ஆபரேஷன்களின் கணக்கு அது. (ஆபரேஷன் தியேட்டரில் ரப்பர் கையுறை போடும் பழக்கத்துக்கு வழி வகுத்தவரும் இவரே.) புற்றுநோய் ஒரே இடத்திலிருந்து கிளம்பி அக்கம்பக்கத்துக்கு வரிசையாகப் பரவுகிறது, ஆகவே சுற்றியிருப்பதை எவ்வளவு அதிகமாக எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது அவர் கொள்கை. மார்பு, அதற்கு அடியிலிருக்கும் மார்புத் தசைகள், அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்கள் எல்லாவற்றையும் ஒரே துண்டாக எடுத்தார். அவர் காட்டிய பலன் அந்தக் காலத்துக்கு அதிசயம். ஐம்பதில் மூன்று பேருக்கு மட்டுமே அதே இடத்தில் நோய் திரும்பியது. அதே சமயம் ஐரோப்பாவின் பெரிய பெயர்களெல்லாம் பாதிக்கு மேல் திரும்பியதாகக் கணக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கவனியுங்கள், அவர் அளந்தது ஒன்றே ஒன்று. வெட்டின இடத்தில் நோய் திரும்பியதா, இல்லையா. வேறு இடத்தில் பரவி அந்தப் பெண் இறந்தால் அது இந்தக் கணக்கில் சேராது. தசை போனதால் விலா எலும்பின் மேல் தோல் ஒட்டிக்கிடக்கும், கை வீங்கும், தூக்க முடியாமல் போகும். அதுவும் சேராது. இதையெல்லாம் அவர் யோசிக்காமல் இல்லை. யோசித்துத் தள்ளினார் என்பதுதான் விஷயம். உயிரோடு ஒப்பிட்டால் உடல் ஊனம் பெரிய விஷயமில்லை என்றும், இந்த நோயாளிகளின் சராசரி வயது கிட்டத்தட்ட ஐம்பத்தைந்து, சமூகத்தில் இவர்கள் இனி அவ்வளவு சுறுசுறுப்பாக இயங்குபவர்கள் இல்லை என்றும் அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். நாங்கள் தேய்மானக் கணக்கு போடும்போது, ஆயுள் முடிந்த இயந்திரத்தின் மதிப்பை ஒரு ரூபாய் என்று எழுதி வைப்போம். ஏனோ அதுதான் ஞாபகம் வந்தது.

ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணுக்குத் தன் உடம்பு பற்றி எந்த எண்ணமும் இருக்காதா? அதற்கு எண்பது வருஷம் முன்பே ஒரு பதில் எழுதப்பட்டிருந்தது. ஃபேனி பர்னி என்ற ஆங்கில நாவலாசிரியைக்கு 1811 செப்டம்பரில் பாரிஸில் மார்பை எடுத்தார்கள். மயக்க மருந்து இல்லாத காலம். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. பிறகு தன் அக்காவுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் கத்தி போன பாதை ஒவ்வொன்றையும் எழுதினார். அதை எழுதி முடிக்கவே மாதக்கணக்கில் ஆனது. எழுதியதைத் திரும்பப் படிக்கவும் அவரால் முடியவில்லை. அதற்குப் பிறகு 1840 வரை வாழ்ந்தார். கடிதம் இருந்தது. கணக்கில் ஏற்றத்தான் பத்தி இல்லை.

ஹால்ஸ்டெட் முறை கிட்டத்தட்ட எழுபது, எண்பது வருஷம் அமெரிக்காவில் கேள்வி கேட்பாரில்லாமல் நடந்தது. இன்னொரு வழக்கமும் கூடவே இருந்தது. கட்டி என்று போகிற பெண்ணை மயக்கத்தில் ஆழ்த்தி, கட்டியில் கொஞ்சம் வெட்டி உடனே சோதிப்பார்கள். புற்றுநோய் என்றால் அப்படியே மார்பையும் எடுத்துவிடுவார்கள். கண் விழிக்கும்போது மார்பு இருக்குமா இருக்காதா என்று தெரியாமலேயே அந்தப் பெண் தூங்கப் போக வேண்டும்.

இதற்கிடையில் வேறொரு துறையில் வேறொரு சங்கதி. வியன்னாவிலிருந்து நியூயார்க் போன மனநல மருத்துவர் பால் ஷில்டர் 1935-ல் மனித உடலின் பிம்பம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நம் ஒவ்வொருவர் மனசுக்குள்ளும் நம் உடம்பைப் பற்றி ஒரு சித்திரம் இருக்கிறது, அது கண்ணாடியில் தெரிவதன் நகல் இல்லை, நினைவும் ஆசையும் மற்றவர்கள் பார்வையும் கலந்தது என்பது அவர் வாதம். இதைத்தான் பாடி இமேஜ் என்கிறார்கள். தமிழில் உடல் பிம்பம் என்று வைத்துக்கொள்வோம். 1953-ல் செகார்ட், ஜூரார்ட் என்ற இருவர் இதற்கு முதல் முறையாக ஒரு நல்ல அளவுகோல் செய்தார்கள். முடி, மூக்கு, இடுப்பு, உயரம் என்று நாற்பத்தாறு வரி. ஒவ்வொன்றும் எவ்வளவு பிடிக்கிறது என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை போட வேண்டும். யாரிடம் சோதித்தார்கள் தெரியுமா? கல்லூரி மாணவர்களிடம். எல்லா உறுப்பும் இருக்கிற, இருபது வயது ஆட்களிடம். நம்மைப் போன்றவர்கள்தான் எப்போதும் கைக்கு எட்டுகிற சோதனை எலி!

மார்பை இழந்தவர்களிடம் போய்ப் பேசிய வேலையும் அதே காலத்தில் தொடங்கிவிட்டது. நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் பார்ட், சதர்லேண்ட் இருவரும் இந்தப் பெண்களிடம் நீண்ட நேரம் உட்கார்ந்து பேசி 1955-ல் எழுதினார்கள். டெரீஸ் லாஸர் என்ற பெண்மணி, தனக்கு ஆபரேஷன் ஆன பிறகு 1950-களில் மற்ற பெண்களைத் தேடிப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார். கையில் ஒரு பை. கை விரல்களுக்குப் பயிற்சி கொடுக்க ரப்பர் பந்து, கையைத் தூக்கிப் பழகக் கயிறு, ஜாக்கெட்டுக்குள் வைக்க ஒரு தற்காலிகச் செயற்கை மார்பு. சில மருத்துவர்களுக்கு இவரைக் கண்டாலே ஆகாது. பிறகு 1969-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே இந்தத் திட்டத்தை எடுத்துக்கொண்டது. நல்ல காரியம்தான், ஆனால் அதன் அடிநாதம், யாருக்கும் தெரியாமல் மறைத்துக்கொண்டு பழைய வாழ்க்கைக்குத் திரும்பு என்பதாக இருந்தது.

அளவுகோல் உலகத்தில் முதல் பெரிய எண் 1978-ல் வருகிறது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பீட்டர் மகுவயர் என்ற மனநல மருத்துவரும் குழுவினரும், மார்பு எடுக்கப்பட்ட 75 பெண்களையும், கட்டி புற்றுநோய் இல்லை என்று தெரிந்த 50 பெண்களையும் ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். வருஷக் கடைசியில் முதல் குழுவில் 25 சதவீதம் பேருக்குப் பதற்றமோ மனச்சோர்வோ சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு இருந்தது. இரண்டாவது குழுவில் 10 சதவீதம். தாம்பத்தியச் சிக்கல் 33 சதவீதத்துக்கு எதிராக 8. நான்கில் ஒருவர் என்பது சிறிய எண் அல்ல. இத்தனைக்கும் இந்தப் பெண்கள் எல்லாரும் முறையாக மருத்துவமனைக்கு வந்து போய்க்கொண்டிருந்தவர்கள். தழும்பு ஆறியிருக்கிறதா என்று பார்த்திருப்பார்கள். இதை யாரும் கேட்டதில்லை, இவர்களும் சொன்னதில்லை.

இதே காலத்தில் ஹால்ஸ்டெட்டின் கணக்கையே திரும்பப் போட்டுப் பார்த்தவர்கள் இரண்டு பேர். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர், இத்தாலியில் உம்பர்ட்டோ வெரோனேசி. ஃபிஷர் 1971-ல் தொடங்கிய பரிசோதனையில் 1,665 பெண்களைச் சேர்த்து, தசையோடு எடுப்பதையும் மார்பை மட்டும் எடுப்பதையும் ஒப்பிட்டார். உயிர் பிழைப்பதில் வித்தியாசமில்லை. இதன் ஆரம்ப முடிவுகளை 1974 செப்டம்பர் இறுதியில் ஒரு கூட்டத்தில் சொன்னார். அதற்கு இரண்டு நாள் முன்புதான், செப்டம்பர் 28 அன்று, அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு தசையோடு மார்பை எடுத்திருந்தார்கள்! அவர் அதை மறைக்காமல் வெளியே சொன்னார். அதன் பிறகு சோதனைக்கு வரும் பெண்களின் கூட்டம் எக்கச்சக்கமாகக் கூடியது.

வெரோனேசி 1973 முதல் 1980 வரை மிலான் நகரில் 701 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார். பாதிப் பேருக்கு ஹால்ஸ்டெட் ஆபரேஷன். மீதிப் பேருக்கு மார்பின் கால் பகுதியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு. 1981-ல் முதல் முடிவு வந்தது: இரு குழுவும் சமம். ஃபிஷரும் 1985-ல் அதையே சொன்னார். இருவருடைய இருபது வருஷக் கணக்கும் 2002-ல் ஒன்றாக வெளிவந்தபோதும் பதில் மாறவில்லை. எண்பது வருஷமாக அத்தனை தசையையும் வெட்டியது உயிரைக் காப்பாற்ற அவசியமாக இருக்கவில்லை. நோய் திரும்பிய இடத்தை மட்டும் அளந்தால் பெரிய ஆபரேஷன்தான் ஜெயிக்கும். உயிர் வாழ்ந்த வருஷத்தை அளந்தால் டிரா. அப்படியானால் முடிவெடுக்க மூன்றாவதாக ஒரு பத்தி வேண்டும். அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்ற பத்தி.

(இடையில் ஒன்று. ஃபிஷரின் இரண்டாவது பரிசோதனைக்கு ஆள் சேர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. மார்பு இருக்குமா போகுமா என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்யும் என்று ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல மருத்துவர்களுக்கே நா எழவில்லை.)

இங்கேதான் கதை ஒரு திருப்பம் எடுக்கிறது. மார்பைக் காப்பாற்றிவிட்டால் மனசும் காப்பாற்றப்பட்டுவிடும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். லண்டனில் லெஸ்லி ஃபாலோஃபீல்ட் என்ற உளவியலாளர் 1986-ல் 101 பெண்களிடம் பார்த்தார். பதற்றத்திலும் மனச்சோர்வில் மார்பு எடுக்கப்பட்டவர்களுக்கும் காப்பாற்றப்பட்டவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 1990-ல் இன்னும் பெரிய எண்ணிக்கையில் பார்த்தபோதும் அப்படியே. யோசித்தால் காரணம் புரிகிறது. நோய் மறுபடி வருமோ என்ற பயம் இரண்டு பேருக்கும் பொது. மார்பு மிஞ்சியவருக்கு அந்த பயம் ஒரு பிடி கூடவே இருக்கலாம், இருக்கிற இடத்தில்தானே திரும்பி வரும்!

அப்படியானால் மார்பைக் காப்பாற்றியதில் பயனே இல்லையா? இருந்தது. ஆனால் பொதுவான பதற்ற அளவுகோலில் அது தெரியவில்லை. அந்த வருஷங்களின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், மற்ற எல்லாவற்றிலும் விடை முன்னும் பின்னும் இருக்க, ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் திரும்பத் திரும்ப வித்தியாசம் வந்தது: தன் உடம்பைத் தான் எப்படிப் பார்க்கிறேன் என்பதில். இரண்டும் ஒன்று என்று நினைத்து ஒரே கணக்கில் எழுதிவந்ததைப் பிரித்துத் தனிக் கணக்காக எழுத வேண்டியதாயிற்று. ஒரு பெண் மனச்சோர்வில்லாமல், வேலைக்குப் போய்க்கொண்டு, சிரித்துக்கொண்டு இருக்கலாம். குளித்துவிட்டு வரும்போது மட்டும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நிற்கலாம். மனச்சோர்வு அளவுகோலில் அவளுக்கு பூஜ்யம்தான் வரும்.

அந்தத் தனிக் கணக்கு இரண்டு தாள்களில் வந்தது. முதலாவது 1996-ல், மிர்யம் ஸ்ப்ராங்கர்ஸ் தலைமையில், ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஈ.ஓ.ஆர்.டி.சி.க்காகச் செய்த பி.ஆர்.23. பெயரிலேயே இருக்கிறது, மார்பகப் புற்றுநோய்க்கு 23 கேள்வி. நெதர்லாந்து, ஸ்பெயின், அமெரிக்கா மூன்று நாடுகளில் சோதித்தார்கள். அதில் உடல் பிம்பத்துக்கு நான்கு கேள்வி. இரண்டாவதுதான் நான் முதலில் சொன்ன பத்துக் கேள்வித் தாள். மான்செஸ்டரின் பெனலோப் ஹாப்வுட்டும் மற்றவர்களும் 2001-ல் வெளியிட்டது. பிரிட்டனில் 276 புற்றுநோயாளிகளிடம் முதலில் சோதித்து, பிறகு 682 மார்பகப் புற்றுநோயாளிகளின் பதில்களை வைத்துச் சரிபார்த்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பி.ஆர்.23-ல் மதிப்பெண் 0 முதல் 100 வரை, கூடினால் நல்லது. ஹாப்வுட் தாளில் கூடினால் கெட்டது. பற்று எது வரவு எது என்று முதல் வருஷம் விழித்தது போல இங்கேயும் விழிக்க வேண்டியிருந்தது.

ஹாப்வுட் தாளின் கேள்விகளை என் வார்த்தையில் சொன்னால்: தோற்றத்தை நினைத்துக் கூச்சமா, அழகு குறைந்ததாகத் தோன்றுகிறதா, உடுத்தியிருக்கும்போது திருப்தி இல்லையா, பெண்மை குறைந்த மாதிரி இருக்கிறதா, உடையில்லாமல் பார்த்துக்கொள்ளக் கஷ்டமா, தாம்பத்திய ஈர்ப்பு குறைந்ததாகத் தோன்றுகிறதா, தோற்றத்தை நினைத்து ஆட்களைத் தவிர்க்கிறீர்களா, உடம்பு முழுமையில்லையா, உடம்பின் மேல் அதிருப்தியா, தழும்பின் மேல் அதிருப்தியா. இந்தப் பத்தும் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா 0.93. எங்கள் பாடப்புத்தகம் 0.7 வந்தாலே போதும் என்கிறது.

இனி என் சந்தேகங்கள். முதலாவது கூட்டல். உடையில்லாமல் பார்க்க முடியவில்லை, முழுமையில்லை, தழும்பு பிடிக்கவில்லை என்ற மூன்றுக்கும் மூன்று மூன்று போட்டவருக்கு 9. ஒன்பது கேள்விக்குத் தலா ஒன்று போட்டவருக்கும் 9. இரண்டு பேரும் ஒரே நிலையிலா இருக்கிறார்கள்? எத்தனைக்கு மேல் போனால் உதவி தேவை என்பதற்கும் எல்லாரும் ஒத்துக்கொண்ட கோடு கிடையாது.

இரண்டாவது, ஆரம்ப இருப்பு. எந்தக் கணக்கிலும் வருஷத் தொடக்கத்தில் கையில் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் லாப நஷ்டம் போட முடியும். புற்றுநோய் வருவதற்கு முன் தன் உடம்பை எவ்வளவு பிடித்திருந்தது என்று எந்தப் பெண்ணிடமும் யாரும் கேட்டு வைத்திருப்பதில்லை. முதல் கேள்வித்தாள் வரும்போதே கட்டி என்ற செய்தி வந்துவிட்டது. இதை இந்தத் தாள்கள் சமாளிக்கும் விதம் சாமர்த்தியமானது. 'நோயின் அல்லது சிகிச்சையின் காரணமாக' என்று சில கேள்விகளில் ஒரு சொற்றொடரைச் சேர்த்துவிடுகிறார்கள். கழித்தல் கணக்கைப் போடும் வேலை நோயாளியின் தலையில்!

மூன்றாவதுதான் பெரியது. இந்தத் தாளில் எடுக்கக்கூடிய நல்ல மார்க் பூஜ்யம். அதாவது எந்தக் குறையும் தோன்றவில்லை என்பதுதான் உச்சம். அதற்கு மேல் போக வழியில்லை. அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1980-ல் தன் புற்றுநோய்க் குறிப்புகளை வெளியிட்டார். 1978-ல் அவருக்கு ஒரு மார்பை எடுத்திருந்தார்கள். உதவ வந்த தன்னார்வலர் கொடுத்த செயற்கை மார்பு வெளிறிய ரோஸ் நிறம். இவர் தோலோ கறுப்பு. பத்து நாள் கழித்து அதை வைக்காமல் மருத்துவரைப் பார்க்கப் போனார். இது இல்லாமல் வந்தால் இங்குள்ள மற்றவர்களின் உற்சாகம் குறையும் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னார். இஸ்ரேலின் மோஷே தயான் ஒற்றைக் கண்ணில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு நின்றால் வீரம் என்கிறார்கள், நான் ஒற்றை மார்போடு நின்றால் மட்டும் ஏன் மறைக்கச் சொல்கிறார்கள் என்பது லார்டின் கேள்வி. 1993 ஆகஸ்டில் மட்டுஷ்கா என்ற கலைஞர் மார்பு எடுத்த தழும்பு தெரியும்படி தன்னையே படமெடுத்து, அது நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் ஞாயிறு இதழ் அட்டையில் வந்தது. இந்த இருவரிடமும் ஹாப்வுட் தாளைக் கொடுத்தால் என்ன மார்க் வரும்? கவலையே படாத ஒருவரும், தழும்பைக் கொடி போலத் தூக்கிக் காட்டுபவரும் ஒரே பூஜ்யத்தில் வந்து நிற்பார்கள்.

டொராண்டோவில் நான்சி பாக்ஸ்டரும் மற்றவர்களும் 2006-ல் வெளியிட்ட தாள் இதைவிட விரிவானது, 53 கேள்வி. அதில் எனக்குப் பிடித்தது, கையைப் பற்றித் தனியாக ஒரு பகுதி வைத்ததும், மாற்றம் வெளியே தெரிகிறதோ என்ற கவலைக்குத் தனியாக ஒரு பகுதி வைத்ததும். இதை எங்கள் பெரியம்மாவை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். ஆபரேஷன் ஆகி ஆறு வருஷம் ஆகிறது. தழும்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். பேசுவதெல்லாம் வலது கையைப் பற்றி. கணுக்களை எடுத்ததால் வீங்கிய கை. ஜாக்கெட்டின் கை ஏறுவதில்லை, ஒரு பக்கம் மட்டும் இரண்டு அங்குலம் கூட்டித் தைக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது, தையல்காரர் ஏன் என்று கேட்கிறார், கடை மாற்றியாகிவிட்டது. புடவைத் தலைப்பு மார்பை மறைத்துவிடும். வலது கையை என்ன செய்து மறைப்பது? ஹாப்வுட் தாளின் பத்திலும் கை என்ற சொல்லே இல்லை.

தாள் ஊர் விட்டு ஊர் போகும்போது இன்னொரு சிக்கல். மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்காரர்கள் பி.ஆர்.23-ஐ இந்தியப் பெண்களிடம் சரிபார்த்து 2005-ல் வெளியிட்டார்கள். நம் நாட்டில் நோய் முற்றிய பிறகு வருபவர்கள் அதிகம், முழு மார்பும் எடுக்கப்படுவதும் அதிகம், ஆகவே அவசியமான வேலை. மொழிபெயர்ப்புக்குக் கறாரான முறை வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டும், அதை ஒன்றாக்க வேண்டும், வேறு ஆட்கள் மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும், கடைசியில் சில நோயாளிகளிடம் கொடுத்துப் புரிகிறதா என்று பார்க்க வேண்டும். நானும் சும்மா தமிழில் முயன்று பார்த்தேன். அழகு குறைந்ததா என்று மேலே சுலபமாக எழுதிவிட்டேன், ஆனால் மூலத்தில் இருப்பது உடல் கவர்ச்சி. ஐம்பத்தெட்டு வயது அம்மாவிடம் போய் 'உங்கள் கவர்ச்சி குறைந்துவிட்டதா' என்று கேட்க முடியுமா? நம் ஊரில் அந்தச் சொல்லை சினிமா போஸ்டர் எடுத்துக்கொண்டு போய் ரொம்ப காலமாகிறது. 'பெண்மை' அதைவிட மோசம். ஆங்கிலத்தில் அது தோற்றமும் உணர்வும் சேர்ந்த சொல். தமிழில் பெண்மை குறைந்ததா என்றால் குணத்தைக் கேட்பது போலிருக்கிறது, திட்டுவது போலக்கூட இருக்கிறது.

பணம் எங்கே வருகிறது என்று பார்க்காமல் விட்டால் நான் வணிகவியல் மாணவனே இல்லை. மார்பை மறுபடி கட்டமைக்கும் ஆபரேஷனை வெறும் அழகு சிகிச்சை என்று சொல்லி அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தர மறுத்த காலம் உண்டு. 1998 அக்டோபரில் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. மார்பு எடுப்பதற்குப் பணம் தரும் திட்டம், கட்டமைப்பதற்கும், இரண்டு பக்கமும் ஒத்திருக்க மற்ற மார்பைச் சரிசெய்வதற்கும், செயற்கை மார்புக்கும், கை வீக்கத்துக்கும் தர வேண்டும் என்றது. பணம் வந்த இடத்துக்கு அளவுகோலும் வரும். 2009-ல் ஆண்ட்ரியா பியூசிக் என்ற பிளாஸ்டிக் சர்ஜனும் குழுவினரும் பிரஸ்ட்-க்யூ என்ற கேள்விப் பட்டியலை வெளியிட்டார்கள். இதில் ஆபரேஷனுக்கு முன் கேட்கும் தாள் தனி, பின் கேட்கும் தாள் தனி. ஆரம்ப இருப்பு என்று நான் புலம்பியதற்கு அரைப் பதில். முழுப் பதில் இல்லை, ஏனென்றால் அப்போதும் நோய் வந்த பிறகுதான் கேட்கிறார்கள்.

எல்லாத் தாள்களுக்கும் பொதுவான ஒரு தலைவலி, காலியாக விட்ட கட்டங்கள். தாம்பத்தியம் பற்றிய கேள்விகளில்தான் இது அதிகம். எந்த நாட்டிலும் அப்படித்தான். பி.ஆர்.23 வகைத் தாள்களில் அதற்கும் விதி உண்டு. ஒரு பகுதியில் பாதிக் கேள்விக்காவது பதில் இருந்தால், இருப்பவற்றின் சராசரியை எடுத்து மதிப்பெண் போடலாம். நான்கில் இரண்டு காலி என்றால் அந்த இரண்டிலும், மற்ற இரண்டில் சொன்ன அதே பதிலின் சராசரியைத்தான் சொல்லியிருப்பார் என்று வைத்துக்கொள்வதாக அர்த்தம். தன்னை உடையில்லாமல் பார்க்க முடிகிறதா என்ற கேள்விக்கு நேராக ஒரு பெண் டிக் எதுவும் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தால், கணினி அந்தக் கட்டத்தை இப்படித்தான் நிரப்புகிறது.